கணையக் கல்லும் நீரிழிவும்

நீரிழிவு என்றவுடன் பருத்த உடலும் முதிர்ந்த வயதும் நினைவிற்கு வருதல் இயல்பு. கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் ஆராய்ந்து 1968-இல் நூலில் விவரித்த நோயாளிகளோ பெரும்பாலும் மெலிந்த இளைஞர்; வறியோர்.

இந்நோய் சிறுவயதில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலியாகத் தொடங்குகின்றது. கணைய நாளத்தில் சுண்ணக் கற்கள் திரள்கின்றன. நாளடைவில் சுரப்பி நாராகிச் சுருங்க, இன்சுலின் குறைந்து இரத்தத்தில் சர்க்கரை மிகுகின்றது. அது 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைக் கடந்ததும் சிறுநீரில் இறங்கும்; நீரையும் உடன் இழுத்துச் செல்வதால் தாகம் வாட்டும். ஆண்டுகள் செல்லக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பழுதுறும். கணைய நொதிகளும் குன்றுவதால் உண்ட கொழுப்புச் செரியாது. உடல் மேலும் இளைக்கும்.

பழி ஒருகால் மரவள்ளிக்கிழங்கின்மேல் விழுந்தது. (திருவனந்தபுரத்துத் தமிழர் இதனை மரச்சீனி என்பர்.) அதிலுள்ள லினமாரின் சயனைடை விடுவிக்கவல்லது என்பது உண்மையே. எனினும் அக்கிழங்கை உண்ணாதாரிடையேயும் இந்நோய் உண்டு. உண்டவருள் மிகப் பலர் நலமாகவே வாழ்ந்தனர். பின்னர் ‘ஸ்பிங்க்-1’ என்னும் மரபணுவின் மாறுபாட்டிற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு புலனாயிற்று.

சிறுவரின் வயிற்றுவலியைப் பூச்சித் தொல்லை என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கற்கள் உண்டாகியிருப்பின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் பெரும்பாலும் தெரியும். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறு சோதனையிலும் அவ்வாறே காணப்படின் அது நீரிழிவேயாகும்.