கருவின் இதயத்தில் வெள்ளைப் புள்ளியா? பதறாதீங்க, முதலில் இதைப் படிங்க

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் சில சமயம் 'ஈ.ஐ.எஃப்.' என்று எழுதியிருக்கும். அதை மொபைலில் தேடினால் 'டவுன் சிண்ட்ரோம்' என்று வந்து நிற்கும். ஆரணி பட்டுத்தறிக் குடும்பமானாலும் சென்னை ஐ.டி. குடும்பமானாலும் அன்றைக்குத் தூக்கம் போயிடும். அந்தப் புள்ளி என்னவென்று தெரிந்துகொள்வோம்.

அது என்ன?

இதய வால்வுகளை இழுத்துப் பிடிக்கும் சிறு தசையில் படியும் கால்சியம்தான் ஸ்கேனில் எலும்பு போலப் பளிச்சென்று தெரிகிறது. பெரும்பாலும் இடது கீழறையில் இருக்கும். இது ஓட்டை அல்ல, அடைப்பும் அல்ல. இதயத்தின் வேலையை இது கெடுப்பதில்லை.

நம்மவர்களுக்கு ஏன் அதிகம் தெரிகிறது?

2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆசியத் தாய்மார்களின் கருக்களில் சுமார் 30 சதவீதத்தில் இந்தப் புள்ளி இருந்தது. வெள்ளையினத் தாய்மார்களிடம் இதைவிடக் குறைவு. ஆசியர் என்பது பொதுப் பிரிவு. அது தமிழ்நாட்டுக்கான தனிக் கணக்கு அல்ல. ஆனாலும் ஒன்று புரியும்: ஆரோக்கியமான கருக்களிலேயே அடிக்கடி தெரிகிற புள்ளியை வைத்து மட்டும் குறைபாடு என்று முடிவு கட்ட முடியாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இதயத்தின் நான்கு அறைகளும், அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்களும் சரியா இருக்கா?
2. புள்ளி மட்டும்தானா, மூக்கு எலும்பு, கழுத்துத் தோல் தடிப்பு போன்றவற்றில் வேறு அறிகுறி உண்டா?
3. டவுன் சிண்ட்ரோமுக்கான ரத்தப் பரிசோதனை எடுத்தாச்சா? முடிவு என்ன?
4. கருவின் இதயத்துக்குத் தனி எக்கோ தேவையா?

வேறு அறிகுறி இல்லாமல், ரத்தப் பரிசோதனையும் குறைந்த அபாயம் என்று சொன்னால், பொதுவாக மேற்கொண்டு எதுவும் தேவைப்படாது. பனிக்குட நீர் எடுக்கும் பரிசோதனையில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு. அதனால் பயத்தில் அதற்கு ஓட வேண்டாம். கருவைக் கலைக்கும் முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம்.

எப்போது அலட்சியம் கூடாது?

தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய், பெற்றோருக்கோ முந்தைய குழந்தைக்கோ பிறவி இதயக் கோளாறு, நெருங்கிய சொந்தத்தில் திருமணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க. புள்ளி இல்லாவிட்டாலும் இதய எக்கோ தேவைப்படலாம்.

அரசு சேவைகள்

* கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் பெறுங்கள். இணையத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம். கிராம சுகாதார செவிலியரும் உதவுவார்.
* ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை உண்டு.
* சந்தேகம் இருந்தால் 104-க்கு அழையுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் ஒரே ஃபைலில் வைத்து, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டு போங்க. ஒற்றை வரியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டரால் சரியான பதில் சொல்ல முடியும்.