படத்தை எழுத்தாகப் படிக்காதீர்கள்

சொந்தமாக ஒரு சின்ன வெப் சர்வர் எழுதிப் பார்ப்பவர்களுக்கு, பெயரும் ஊரும் கேட்கும் படிவம் வரை எல்லாம் சுலபமாக ஓடிவிடும். படம் ஏற்றும் பட்டனை வைத்த அன்று வேலை நின்றுபோகும். அனுப்பிய படம் 200 கேபி. சர்வரில் கிடப்பதோ 300-ஐத் தாண்டியிருக்கும். திறந்தால் திறக்காது. எரர் செய்தியும் வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே இடத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பக்கத்து சீட் சீனியர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "படத்தைத் திறந்து திறந்து பார்க்காதப்பா. முதல் பத்து பைட்டை நம்பரா பிரிண்ட் பண்ணிப் பாரு." பண்ணினேன். பத்து நிமிடத்தில் விடை கிடைத்தது.

நம்பரில் தெரியும் நோய்

பிஎன்ஜி படம் எதுவானாலும் முதல் எட்டு பைட் ஒன்றேதான்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. என் சர்வர் சேமித்த கோப்போ 239, 191, 189 என்று தொடங்கி, அதன்பிறகு 80, 78, 71 என்று போனது. 137 இருக்க வேண்டிய இடத்தில் வேறு மூன்று பைட் உட்கார்ந்திருந்தன.

வந்த டேட்டாவை என் கோடு யுடிஎஃப்-8 எழுத்தாக மாற்றியிருந்தது. யுடிஎஃப்-8 விதிப்படி 137-இல் எந்த எழுத்தும் தொடங்க முடியாது. அதனால் அதை எடுத்துவிட்டு, 'புரியாத எழுத்து' என்பதற்கான மாற்றுக்குறியை வைத்துவிட்டது. அந்தக் குறியின் பைட்கள்தான் 239, 191, 189. படம் முழுக்க ஆயிரக்கணக்கான இடங்களில் இதே கதி. அளவு ஊதியதும் அதனால்தான். எல்லாக் குறியும் ஒரே மாதிரி இருப்பதால், எது எந்த பைட்டாக இருந்தது என்று கண்டுபிடித்துப் படத்தை மீட்கவும் வழியில்லை.

நோட் ஜேஎஸ்ஸில் வரும் துண்டுகளை ஒரு ஸ்ட்ரிங்கோடு கூட்டினாலே இது சத்தமில்லாமல் நடந்துவிடும். பைத்தானில் டீகோடு செய்தால் எரர் போட்டு நிறுத்தும். அந்த எரரை அடக்க 'இக்னோர்' போடாதீர்கள். சி மொழியில் சிக்கல் வேறு. பிஎன்ஜியின் ஒன்பதாவது பைட் பூஜ்யம். ஸ்டர்லென் பூஜ்யத்தைக் கண்டதும் நின்றுவிடும். எவ்வளவு பெரிய பிஎன்ஜி ஆனாலும் நீளம் 8 என்றே சொல்லும்.

ஆக, விதி ஒன்றுதான்: படத்தின் பைட்டை எந்தக் கட்டத்திலும் எழுத்தாக்காதீர்கள். மற்றதெல்லாம் இந்த விதியைக் காப்பாற்றும் வேலை.

எல்லை எங்கே?

எச்டிடிபி ரிக்வெஸ்ட்டில் மேலே ஹெட்டர்; அது எழுத்து. கீழே பாடி, அது எதுவாகவும் இருக்கலாம். நடுவில் 13, 10, 13, 10 என்ற நான்கு பைட்தான் எல்லை.

சாக்கெட்டில் வருவதை பைட்டாகவே பஃபரில் சேருங்கள். இந்த நான்கைத் தேடுங்கள். அதற்கு மேலே இருப்பதை மட்டும் எழுத்தாக்குங்கள். ஹெட்டரோடு பாடியின் தொடக்கமும் அதே பஃபரில் வந்திருக்கக்கூடும். அதை விட்டுவிட்டு அடுத்த ரீடிலிருந்து சேமித்தால் படத்தின் தலை போய்விடும்.

எண்ணி வாங்குங்கள்

பாடி எத்தனை பைட் என்பதைப் பொதுவாக கன்டென்ட்-லெங்த் ஹெட்டர் சொல்லும். 2 எம்பி படம் ஒரே ரீடில் வந்துவிடாது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் சுமப்பது வழக்கமாக 1500 பைட். டிசிபி படத்தைத் துண்டு துண்டாகத்தான் கொண்டுவந்து கொட்டும். சொன்ன கணக்கு நிறையும் வரை லூப்பில் வாங்குங்கள். நடுவில் ரீட் காலியாகத் திரும்பினால் இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். அரைகுறைப் படத்தைச் சேமிக்காதீர்கள். சொந்த மெஷினில் ஓடுவதும் மொபைல் டேட்டாவில் உடைவதும் பெரும்பாலும் இந்த லூப் இல்லாததால்தான்.

நீளம் என்றால் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்லை. 'படம்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. பைத்தானின் லென் புள்ளியையும் சேர்த்து 4 என்று சொல்லும். யுடிஎஃப்-8 வடிவில் அது 12 பைட். 'படம் சேர்ந்தது' என்று தமிழில் பதில் அனுப்பும்போது எழுத்துக் கணக்கை ஹெட்டரில் போட்டால், பிரவுசரில் செய்தி பாதியில் அறுந்து நிற்கும்.

பவுண்டரியை வெட்டும்போது

படிவம் வழியே வரும் கோப்பு மல்டிபார்ட் முறையில் வரும். 1995-இல் ஆர்எஃப்சி 1867 வகுத்த முறை இது; இப்போது நடப்பில் இருப்பது 2015-இன் ஆர்எஃப்சி 7578. பாகங்களைப் பிரிக்கும் பவுண்டரி எது என்பது கன்டென்ட்-டைப் ஹெட்டரில் இருக்கும். பாடியில் அதன் முன்னால் இரண்டு சிறுகோடு கூடுதலாக வரும்; கடைசிப் பவுண்டரிக்குப் பின்னாலும் இரண்டு வரும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. பவுண்டரிக்குச் சற்று முன் நிற்கும் 13, 10 பவுண்டரியைச் சேர்ந்தது. படத்தைச் சேர்ந்தது இல்லை. அந்த இரண்டு பைட்டை மட்டும் வெட்டுங்கள். ஸ்ட்ரிப் போட்டால், படத்தின் உண்மையான கடைசி பைட் 10 ஆக இருக்கும் நாளில் அதுவும் சேர்ந்து போய்விடும்.

சேமிக்கும் முன்

கோப்பை பைனரி மோடில் திறந்து எழுதுங்கள். விண்டோஸில் டெக்ஸ்ட் மோடில் எழுதினால் ஒவ்வொரு 10-உம் 13, 10 ஆக மாறும். பிஎன்ஜியின் முத்திரையில் 13, 10 என்றும் தனியே 10 என்றும் வைத்திருப்பதே இந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கத்தான்.

அனுப்புபவர் தரும் கோப்புப் பெயரை நம்பாதீர்கள். அதில் மேல் ஃபோல்டருக்கு ஏறும் பாதையைச் செருகி, உங்கள் சர்வரின் வேறு கோப்பை அழித்து எழுத முடியும். பெயரை நீங்களே உருவாக்குங்கள். 'இது படம்' என்ற ஹெட்டரையும் அப்படியே ஏற்காதீர்கள். ஜேபெக் என்றால் 255, 216, 255 என்று தொடங்குகிறதா என்றாவது பாருங்கள். அளவுக்கு உச்சவரம்பு வைத்து, மீறினால் 413 திருப்புங்கள். நீங்கள் வைக்காத 413 வந்தால், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸைப் பாருங்கள். அதன் இயல்பு வரம்பு 1 எம்பிதான்.

சரியா என்று எப்படித் தெரியும்?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கர்ல் வைத்து ஒரு படத்தை அனுப்புங்கள். அனுப்பியதற்கும் சேமித்ததற்கும் எஸ்எச்ஏ-256 எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். காலிக் கோப்பு, தமிழ்ப் பெயர் உள்ள கோப்பு, பெரிய கோப்பு, நடுவில் நிறுத்திய அப்லோடு என நான்கையும் சோதியுங்கள். பெரிய கோப்பு அனுப்பும்போது கர்ல் ஒரு விநாடி தயங்கினால், அது உங்கள் சர்வரின் '100 கன்டினியூ' பதிலுக்காகக் காத்திருக்கிறது.

வேலையில் என்ன பயன்?

அலுவலகத்தில் இதற்கு லைப்ரரியைப் பயன்படுத்துவதே சரி. சோதித்துத் தேறிய கோடு அது. ஆனால் லைப்ரரி நிலையில்லாதது. பல வருடங்களாகப் பைத்தானில் அப்லோடைப் பிரித்துத் தந்த சிஜிஐ மாட்யூல், 2024-இல் வந்த 3.13 பதிப்பில் நீக்கப்பட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் வேறொன்றுக்குப் பதற்றமில்லாமல் மாறினார்கள்.

இன்டர்வியூவில் 'ஃபைல் அப்லோடு செய்திருக்கிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். "படம் கெட்டு வந்தது, முதல் பைட்களைப் பார்த்தேன், 137 இருக்க வேண்டிய இடத்தில் 239 இருந்தது, அதனால் எங்கே டீகோடு ஆகிறது என்று தேடினேன்" என்று சொல்லுங்கள். ஒரு பக்கை எப்படித் துரத்திப் பிடிக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்த வார இறுதியில் ஒரு பிஎன்ஜியை எடுத்து, அதன் முதல் பத்து பைட்டை நம்பராகப் பிரிண்ட் பண்ணிப் பாருங்கள். உங்கள் சர்வரின் முதல் சோதனை அதுவாக இருக்கட்டும்.