ஓம எண்ணெய் கிருமியைக் கொல்லுமா?



சென்ற மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் கேட்டார்: "அக்கா, ஓமம், கிராம்பு, தைலம் எல்லாமே கிருமியைக் கொல்லும்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி மாத்திரை? பயிருக்கும் இதையே தெளிச்சா மருந்துக் கடைக்குக் கொடுக்கிற காசு மிச்சம்தானே?"

பக்கத்தில் இருந்த வயதான சகோதரி ஒருவர் சொன்னார்: "எங்க வீட்ல மூணு வயசுப் பேரன் ஜன்னல்ல இருந்த யூக்கலிப்டஸ் தைலத்தை எடுத்துக் குடிச்சுட்டான். வலிப்பு வந்துடுச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பிழைச்சதே பெரிசு."

கூட்டமே அமைதியாகிவிட்டது. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அது எப்படி என்று புரிந்துகொள்வதே இந்த மாதப் பாடம்.

இது எந்த எண்ணெய்?

நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் விதையைச் செக்கில் ஆட்டி எடுப்பவை. வாசனை எண்ணெய் வேறு. ஓமம், கிராம்பு, எலுமிச்சைப்புல் போன்றவற்றின் மேல் நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிரவைத்து எடுப்பது. வித்தியாசம் பார்க்க ஒரு காகிதம் போதும். நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். தைலம் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போய்விடும்.

ஒரு கிலோ ஓமத்தில் சுமார் 20 முதல் 40 கிராம் எண்ணெய்தான் கிடைக்கும். அப்படியானால் ஒரு டீஸ்பூன் ஓம எண்ணெய் என்பது நூறு கிராமுக்கு மேல் ஓமத்தின் சாரம். நாம் வயிற்று வலிக்குப் போடுவதோ ஒரு சிட்டிகை ஓமம். இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

கிருமி எப்படிச் சாகிறது?

பலாப்பழப் பால் கையில் ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் போகாது. எண்ணெய் தேய்த்தால்தான் போகும். கிருமியைச் சுற்றியும் கொழுப்பு கலந்த ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஓம எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி வரை தைமால் என்ற பொருள் உண்டு. அது அந்தச் சவ்வுக்குள் நுழைந்து ஓட்டை போட்டுவிடும். உள்ளே இருப்பது ஒழுகி, கிருமி செத்துப்போகும். கிராம்பில் உள்ள யூஜினாலும், எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ராலும் செய்வது ஏறத்தாழ இதே வேலைதான்.

ஆனால் நம் உடம்பின் செல்களுக்கும் அதே மாதிரி சவ்வு உண்டு. இலைக்கும் உண்டு. அளவு மீறினால் எண்ணெய் ஆளைப் பார்க்காது.

வைத்தியத்தில்

1914-ல் முதல் உலகப்போர் தொடங்கும் வரை இந்திய ஓமம் கப்பலில் ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமால் எடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் கொக்கிப்புழு நோய்க்கு தைமாலைத்தான் கொடுத்தார்கள். கொடுத்த அன்று கொழுப்புப் பண்டமோ சாராயமோ தொடக் கூடாது என்று எச்சரித்தார்கள். தொட்டால் மருந்து உடம்பில் கலந்து விஷமாகிவிடும். பிறகு பாதுகாப்பான மாத்திரைகள் வந்ததும் அதை விட்டுவிட்டார்கள்.

இன்றும் வாய் கொப்பளிக்கும் மருந்துகள் சிலவற்றில் தைமால் சிறிதளவு உண்டு. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல் அடைக்க யூஜினாலைத் துத்தநாகப் பொடியோடு குழைத்து வைக்கிறார்கள். நாம் பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு வைத்தால் வலி மரத்துப்போகும். சொத்தை அப்படியே இருக்கும். வலி போயிடுச்சு என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

பரிசோதனைத் தட்டில் எண்ணெய் நேராகக் கிருமியின் மேல் படுகிறது. நுரையீரலிலும் இரத்தத்திலும் இருக்கும் கிருமிக்கு அந்த அளவு எண்ணெய் போய்ச் சேர வேண்டுமானால், கிருமிக்கு முன் நாம் போய்விடுவோம். அதனால் காசநோய், நிமோனியா, ஆழமான காயம் இவற்றுக்கு எண்ணெய் மருந்தல்ல. மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

தோட்டத்திலும் கோழிக்கூண்டிலும்

தைமால், யூஜினால் இரண்டும் பூஞ்சாணத்தை அடக்குவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். வயலில் இரண்டு சிக்கல். வெயிலில் ஆவியாகிவிடும். கூடுதலாகத் தெளித்தால் இலை கருகும். கிராம்பு எண்ணெயைச் சில நாடுகளில் களைக்கொல்லியாகவே பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! விதை மூலம் வரும் பூஞ்சாணத்துக்கு நமக்குத் தெரிந்த வழியே நல்லது: ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம். நிலக்கடலையில் பூஞ்சாண நஞ்சு வராமலிருக்க, நன்றாகக் காயவைத்துச் சேமிப்பதே முதல் மருந்து.

கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் தடை செய்தது. நம் நாட்டிலும் கால்நடை, கோழிகளுக்கு கோலிஸ்டின் தருவதற்கு 2019-ல் தடை வந்தது. கண்டபடி கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகி, பிறகு மனிதருக்கும் அந்த மருந்து வேலை செய்யாது. அதனால் தீவனத் தயாரிப்பாளர்கள் பலர் இப்போது தைமால் போன்றவற்றை அளந்து கலக்கிறார்கள். நாம் வீட்டில் குத்துமதிப்பாகச் சொட்டுவது அதுவல்ல. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் வழி.

விற்கலாமா?

சோப்பு, தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றில் எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்த்துக் குழுவாகத் தொழில் செய்யலாம். அதற்கு வேண்டிய பதிவும் உரிமமும் என்னவென்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பயிர்களுக்காக மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் அரோமா மிஷன் தொடங்கியது. ஆனால் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று சீட்டு ஒட்டினால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருந்தென்று விற்க உரிமம் வேண்டும்.

வீட்டில் மறக்கக் கூடாதவை

1. தைலம், கற்பூரம் இரண்டும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி இருக்கட்டும். ஒரு டீஸ்பூன் யூக்கலிப்டஸ் தைலமே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.
2. கைக்குழந்தையின் மூக்கருகில் தைலமோ கற்பூரமோ தடவாதீர்கள்.
3. தோலில் தடவுவதானால் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு மட்டும் கலந்து தடவுங்கள்.
4. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம் வீட்டில் தைலப் பாட்டில் இப்போது எங்கே இருக்கிறது? பாதியில் நிறுத்திய மாத்திரை யார் வீட்டில் கிடக்கிறது?

பேசி முடித்ததும் வீட்டுக்குப் போய், முதல் வேலையாகப் பாட்டிலை மேலே எடுத்து வையுங்கள் சகோதரிகளே.