பழைய டிரெய்லர் வாங்குவோர் கவனத்திற்கு



சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் கண்டெய்னர் ஓட்டும் நம் எர்ணாவூர்ப் பிள்ளைகள், சொந்தமாக ஒரு பழைய டிரெய்லர் வாங்க நினைப்பது நல்ல முயற்சி. ஆனால் நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வந்த ஒரு சகோதரர், மனைவியின் நகையை விற்று வாங்கிய வண்டியை எட்டே மாதத்தில் இழந்திருந்தார். விற்றவர் ஃபைனான்ஸ் பாக்கியை அடைக்கவில்லை, பெயரும் மாறவில்லை. வண்டி பறிமுதலானபோது இவர் கையில் இருந்தது வெள்ளைத் தாளில் எழுதிய ஒரு ரசீதுதான். அந்த நிலை இன்னொருவருக்கு வரக் கூடாது.

முதலில் காகிதம். முன்வண்டிக்கும் பின்னால் இழுக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி ஆர்.சி. உண்டு, இரண்டையும் கேளுங்கள். சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் இருந்தால், கடன் முடிந்த சான்றும் படிவம் 35ம் வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 கொடுத்து உடனே பெயர் மாற்றுங்கள். விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு: பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வண்டியின் வயதையும் பாருங்கள். 8 ஆண்டுக்குப் பிறகு எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். 15 ஆண்டைத் தாண்டினால் கட்டணம் பல மடங்கு; நேஷனல் பர்மிட்டும் கிடைக்காது. நிலுவையில் உள்ள அபராதம், சாலை வரி, இன்சூரன்ஸ் ஆகியவற்றையும் விசாரியுங்கள்.

அடுத்து வண்டி. தெரிந்த மெக்கானிக்குடன் காலையில், எஞ்சின் சூடாகும் முன் போங்கள். ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென வந்தால் பெரிய வேலை காத்திருக்கிறது. ஏர் நிரம்பியதும் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி மீட்டரைப் பாருங்கள். முள் வேகமாக இறங்கினால் கசிவு உண்டு. நம் கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். புதுப் பெயிண்டை நம்பாமல் சேசிஸின் அடியில் படுத்து, விரிசலும் வெல்டிங்கும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபிஃப்த் வீல், கிங் பின் தேய்மானத்தையும், கண்டெய்னரைப் பிடிக்கும் பூட்டுகளையும் சோதியுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையில் போடாதீர்கள். ஒரு பகுதி முதல் ரிப்பேருக்கும் டயருக்கும் வேண்டும். வாங்கிய பின் ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். ஃபிஃப்த் வீலில் கிரீஸ் காயவிடாதீர்கள். ஒவ்வொரு டிரிப் வாடகையிலும் எஃப்.சி., இன்சூரன்ஸ், டயர் செலவுக்கென ஒரு தொகையை எடுத்து வையுங்கள். துறைமுக வரிசையில் வண்டி நிற்கும் நாளிலும் செலவு நிற்பதில்லை.

குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுக்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் பகரா 282தான் குர்ஆனின் மிக நீண்ட வசனம். சொந்தக்காரர்தானே என்று எழுதாமல் விடாதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் காகிதங்களுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.