கடன் கொப்பியைக் கடைக்கு வெளியே வைப்போம்: ஒரே கட்டளையில் மின்னஞ்சல்



கடையில் சரக்கு அழிந்தால் மறுபடி வாங்கலாம். கடன் கொப்பி அழிந்தால், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். முல்லைத்தீவு மாவட்டத்து வியாபாரிகளுக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடைமைகளை விட்டுவிட்டே புத்தளம் போன்ற இடங்களுக்குப் போனார்கள். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 இல் முடிந்த யுத்தத்தில் முள்ளியவளைத் தமிழ் வியாபாரிகளும் கடைகளை விட்டு ஓடினார்கள். கடையோடு கணக்கும் போயிற்று.

இன்று பலர் கணக்கைக் கணனியில் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கணனியும் அதே கடை மேசையில்தான் இருக்கிறது. கணக்கின் பிரதி ஒன்று ஒவ்வோர் இரவும் ஊருக்கு வெளியே போகவேண்டும். முள்ளியவளையில் கடைக் கணனிகளைப் பார்த்துக் கொடுக்கும் நான் கண்டது இதுதான்: கையால் அனுப்புவதாக ஆரம்பிப்பவர்கள் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே அந்த வேலையைக் கணனியிடமே ஒப்படைப்போம்.

இதற்கு உதவுவது கட்டளை வரி. படங்களைச் சொடுக்காமல், கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டச்சுச் செய்து வேலை வாங்கும் முறை இது. ஒருமுறை எழுதிய வரியைக் கோப்பாகச் சேமித்துவிட்டால், நாம் இல்லாத நேரத்திலும் கணனி அதை நிறைவேற்றும்.

மின்னஞ்சல் அடிப்படையிலேயே ஒரு கட்டளை உரையாடல்தான். 1982 இல் ஜோன் போஸ்டெல் எழுதிய விதிமுறையின் வழியில்தான் அஞ்சல் இன்றும் போகிறது. நமது கணனி முதலில் தன் பெயரைச் சொல்லும். பிறகு அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்று சொல்லும். அதன்பின் கடிதத்தைக் கொடுத்து, தனி வரியில் ஒரு புள்ளி வைத்து முடிக்கும். ஏற்றுக்கொண்டால் அஞ்சல் சேவையகம் 250 என்ற இலக்கத்தைப் பதிலாகத் தரும்.

இந்த உரையாடலை நமக்காக நடத்தும் இலவச மென்பொருள் கேர்ல். சீ, யூ, ஆர், எல் என்ற நான்கு எழுத்துக்களே அதன் கட்டளை. சுவீடனின் டானியல் ஸ்டென்பெர்க் 1998 இல் வெளியிட்ட இது, 2018 இலிருந்து விண்டோஸ் 10 உடனேயே வருகிறது. செய்யவேண்டியவை வருமாறு:

1. கணக்கு மென்பொருளை மூடிய பின், கணக்குக் கோப்பைக் கடவுச்சொல்லிட்டுச் சுருக்குங்கள். செவன் சிப் என்ற இலவச மென்பொருள் போதும். வாடிக்கையாளரின் கடன் விபரம் நம்மிடமுள்ள அமானிதம். திறந்த கடிதமாக அது போகக்கூடாது.

2. ஜீமெயில் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறுங்கள். 2022 மே மாத இறுதியிலிருந்து தனிநபர் கணக்குகளில் சாதாரணக் கடவுச்சொல் மட்டும் கொண்டு இப்படி அனுப்ப முடியாது.

3. கட்டளையில் ஜீமெயில் சேவையகத்தின் முகவரி, 587 என்ற வாயில் இலக்கம், அனுப்புபவர், பெறுபவர், கோப்பின் பெயர் ஆகியவற்றைக் கொடுங்கள். மறையாக்கம் கட்டாயம் என்பதையும் சேருங்கள். செயலிக் கடவுச்சொல்லைக் கட்டளையில் எழுதாமல், நீங்கள் மட்டும் திறக்கக்கூடிய வேறு கோப்பில் வையுங்கள்.

4. விண்டோஸிலுள்ள டாஸ்க் ஷெட்யூலரில் கடை மூடும் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கணனி பழகிய பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டால் ஒரு மாலைக்குள் முடிக்கலாம். இணைப்பு மெதுவான இடத்திலும் தடையில்லை. வரிக்கு 60 எழுத்து வீதம் 1,000 வரி ஆங்கில எழுத்துக் கணக்கு சுமார் 60 கிலோபைட்தான். கையடக்கத் தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. ஜீமெயிலின் எல்லையோ 25 மெகாபைட்.

இந்தப் பாடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அனுப்புபவர் பெயரைக் கட்டளையில் நாமே எழுதுகிறோம் அல்லவா? கடித உறையின் பின்புறத்தில் எவரும் எந்தப் பெயரையும் எழுதலாம் என்பதுபோலத்தான் இதுவும். பெரிய சேவைகள் பல சோதனைகள் செய்தாலும், மோசடிக்காரர் தப்பிவிடுவதுண்டு. ஆகவே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்குப் பணம் போடுங்கள்" என்று மொத்த வியாபாரியின் பெயரில் மின்னஞ்சல் வந்தால், பழைய இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரிக்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 250 என்ற பதில் சேவையகம் கடிதத்தை ஏற்றது என்பதற்கே சாட்சி. கோப்பு நல்லபடி இருக்கிறது என்பதற்கு அல்ல. மாதம் ஒருமுறை, புத்தளத்திலோ கொழும்பிலோ இருக்கும் உங்கள் உறவினரிடம் சொல்லி அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறக்கச் செய்யுங்கள். சுருக்கிய கோப்பின் கடவுச்சொல்லும் அவரிடம் இருக்கட்டும். நேற்றைய பற்று வரவு அங்கே சரியாகத் தெரிந்தால்தான் உங்கள் கணக்குக்குப் பாதுகாப்பு உண்டு என்று நம்பலாம்.