பக் போடப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போடு

"லிப்ரே ஆபீஸ்ல தமிழ் வேலை செய்யலை, உடனே சரி பண்ணவும்." இப்படி ஒரே ஒரு வரி எழுதிப் போட்டுட்டு, ரெண்டு மாசம் கழிச்சு "ஒருத்தரும் கண்டுக்கலை அக்கா"ன்னு புலம்பற தம்பி தங்கச்சிங்களை நிறையப் பாத்தாச்சு. எப்படிக் கண்டுக்குவாங்க? கட்டற்ற மென்பொருள்ல உன் பக் புகாரைப் படிக்கிறவர் பல நேரம் சம்பளம் இல்லாம, தன் வேலை முடிஞ்ச பிறகு வந்து உட்கார்றவர். எங்கேயோ வெளிநாட்டுல இருப்பார், தமிழ்ல ஓர் எழுத்துகூடத் தெரியாது. உனக்கு நடந்த தப்பு அவர் கம்ப்யூட்டர்லயும் நடக்கணும். அதுக்கு வழி பண்ணிக் குடுக்கறதுதான் உன் வேலை. லோக்கல் ரயில்ல செங்கல்பட்டுலேர்ந்து தாம்பரம் வர்றதுக்குள்ள எழுதி முடிச்சிடலாம். கேளு.

1. முதல்ல தேடு. லிப்ரே ஆபீஸ், கேடிஇ, ஃபயர்ஃபாக்ஸ் மூணுக்குமே புகார் போடற இடம் பக்ஸில்லாதான். ஆங்கிலத்துல தேடு. அதே பக் ஏற்கனவே இருந்தா புதுசா ஒண்ணு திறக்காதே. அதுக்குக் கீழே போய் "எனக்கும்தான்"னும் எழுதாதே. உன் வெர்ஷன், உன் சிஸ்டம்னு புதுத் தகவல் இருந்தா மட்டும் சேர். இன்னொண்ணு, உபுண்டு கூட வந்த பழைய வெர்ஷனை வெச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போகாதே. புது வெர்ஷன்லயும் அதே தப்பு வருதான்னு பாத்துட்டுப் போ. பாதிப் புகார் அங்கேயே முடிஞ்சிடும்.

2. தலைப்பைப் பாத்தாலே விஷயம் தெரியணும். "ஹெல்ப்", "அர்ஜென்ட்" எல்லாம் தலைப்பே இல்லை. நம்ம ஊர் விஷயத்தையே எடுத்துக்கோ. 2019 நவம்பர் 29ல காஞ்சிபுரத்துலேர்ந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாப் பிரிஞ்சது. பழைய மாவட்டப் பட்டியலை வெச்சிருக்கிற மென்பொருள்ல மாமல்லபுரம் இன்னும் காஞ்சிபுரத்துலதான் இருக்கும். "என் ஊரைக் காணோம்"னு எழுதினா அவருக்கு என்ன புரியும்? "தமிழ்நாடு மாவட்டப் பட்டியலில் செங்கல்பட்டு இல்லை"ன்னு தலைப்பு வை. உள்ளே மூணு விஷயம் எழுது: மாமல்லபுரத்தோட 603104 பின்கோடு போட்டேன், காஞ்சிபுரம்னு வந்தது, செங்கல்பட்டுன்னு வரணும். மாவட்டத்தோட அரசு இணையதள முகவரியையும் கூட வை. தூரத்துல இருக்கிறவருக்கு நம்ம ஊர் மாவட்டம் பிரிஞ்சது எப்படித் தெரியும்?

3. தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட பக்னா ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடறாங்க, அதனால நின்னு சொல்றேன்.

"கோவளம்"னு தேடினா வரலைன்னு வெச்சுக்கோ. "கோ"வை ரெண்டு விதமா எழுதலாம்: க-வோட ஓகாரக் குறி ஒண்ணு, இல்லாட்டி க-வோட இரட்டைக் கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணு. ரெண்டும் சமம்னு யூனிகோடு சொல்லுது. ஆனா அந்தச் சமத்தைக் கவனிக்காம எழுதின ப்ரோக்ராமுக்கு ரெண்டும் வேற வேற சொல். படத்துல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அதனால சொல்லை அப்படியே காப்பி பண்ணிப் போடு. எந்தக் கீபோர்டுல அடிச்சேன்னும் சொல்லு: தமிழ்99ஆ, இன்ஸ்கிரிப்டா, ஃபோனெட்டிக்கா? சோதிக்க வேற சொல் வேணும்னா திருப்போரூர், கொக்கிலமேடு ரெண்டையும் அடிச்சுப் பாரு.

எழுத்து உடைஞ்சு தெரிஞ்சா அது வேற கதை. "செங்கல்பட்டு"ல கொம்பு, ச-வுக்குப் பின்னாடி சேமிக்கப்பட்டு முன்னாடி தெரியணும். அது இடம் மாறினா, "தமிழ் தப்பா வருது"ன்னு எழுதிட்டு எழுந்து போயிடாதே. சரியான படம், தப்பான படம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, தப்பு இருக்கிற இடத்துல வட்டம் போடு. நமக்குக் கண்ணுல குத்தற தப்பு அவருக்கு வெறும் கோலம் மாதிரிதான் தெரியும்.

யார்கிட்ட புகார் சொல்றதுன்னு குழப்பமா? ஒரு குறுக்குவழி இருக்கு. ஃபான்டை மாத்திப் பாரு. சரியாயிட்டா முதல் சந்தேகம் ஃபான்ட் மேல. மாறலைன்னா அதே சொல்லை ஃபயர்ஃபாக்ஸ்லயும் லிப்ரே ஆபீஸ்லயும் ஒரே ஃபான்ட்ல போட்டுப் பாரு. ரெண்டுமே எழுத்தை அடுக்கறதுக்கு ஹார்ஃப்பஸ்னு ஒரே மென்பொருளைத்தான் நம்பியிருக்கு. ரெண்டுலயும் தப்புன்னா சந்தேகம் அது மேல. ஒண்ணுல மட்டும் தப்புன்னா அந்த மென்பொருள்கிட்டயே போ. தெரியலைன்னாலும் பரவாயில்லை, என்னென்ன பாத்தேன்னு எழுதினா அவங்களே சரியான இடத்துக்குத் தள்ளி விடுவாங்க.

4. "ஸ்லோவா இருக்கு"ன்னு எழுதினா எனக்குக் கோபம் வரும். எத்தனை விநாடி? 2024 மார்ச்ல ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி இழுக்குதேன்னு கவனிச்சார். அளந்து பாத்தார்: 0.3 விநாடி இருந்தது 0.8 ஆகியிருந்தது. நூல் பிடிச்சுப் போனா, எக்ஸ்இசட் மென்பொருளோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல யாரோ திருட்டுக் கதவே வெச்சிருந்தாங்க! அவர் எழுதின புகார்ல எண், வெர்ஷன், எப்படிக் கண்டுபிடிச்சார்னு எல்லாமே இருந்தது. அவ்வளவு தூரம் நீ போக வேண்டாம், அளந்து மட்டும் எழுது.

5. இதைத் தவற விடவே கூடாது: பாதுகாப்பு ஓட்டைன்னு தோணினா பொதுவுல போடாதே. அந்த எக்ஸ்இசட் விஷயமும் டெபியன் பாதுகாப்புக் குழு மாதிரி சம்பந்தப்பட்டவங்களுக்குத் தனியாத் தெரிவிச்ச பிறகுதான் வெளியே வந்தது. ப்ரோஜெக்ட்ல பாதுகாப்புக்குன்னு தனி மெயில் முகவரி இருக்கும், தேடு. லாக் ஒட்டறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டு, போன் நம்பர் இருந்தா அழி. ஸ்கிரீன்ஷாட் ஓரத்துல உன் பேங்க் டேப் திறந்திருக்கும், அதையும் வெட்டு.

6. சில்லறை விஷயங்கள்:
• ஒரு புகார்ல ஒரு பக். ஏழு குறையை ஒரே மூட்டையாக் கட்டாதே.
• எரர் மெசேஜை உன் சொந்த வார்த்தையில சொல்லாதே, எழுத்து மாறாம ஒட்டு.
• காரணம் இதுதான்னு தீர்ப்பு சொல்லாதே. என்ன நடந்ததுன்னு முதல்ல, உன் ஊகம் கடைசியில.
• ஆங்கிலம் வரலையேன்னு வெக்கப்படாதே, சின்னச் சின்ன வாக்கியம் போதும். தயக்கமா இருந்தா காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவுல தமிழ்லயே கேளு.

போட்டுட்டு மறந்துடாதே. திருப்பிக் கேள்வி கேட்டு உன்கிட்டேர்ந்து பதில் வராட்டி, மூடிட்டுப் போயிடுவாங்க. மெயில் வந்தா அன்னிக்கே பதில் போடு. சரி பண்ணிட்டோம்னு சொன்னா, புது வெர்ஷனை இறக்கி அதே "கோவளம்" அடிச்சுப் பாத்து, வருதா வரலையான்னு ஒரு வரி எழுதிடு.