குழந்தையின் சிறுநீரும் தாயின் தொழுகையும்

 

"பிள்ளை மடியில் ஒன்றுக்குப் போய்விட்டான். சேலை நஜீஸாகிவிட்டது. எப்படித் தொழுவது?" என்று சொல்லி லுஹரையும் அஸரையும் களாவாக்கிவிடும் தாய்மார்கள் நம் உத்திரமேரூர் வட்டாரத்தில் உண்டு. அந்த எரிச்சலில் பிள்ளையின் தொடையில் ஓர் அடியும் விழுகிறது. இவ்விரண்டுமே மார்க்கம் காட்டிய வழியல்ல.

முதலில் சட்டத்தை அறிந்துகொள்வோம். உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள், உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தபோது, அது நாயகத்தின் ஆடையில் சிறுநீர் கழித்தது. தண்ணீர் வரவழைத்து அதன்மீது தெளித்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். ஆகவே ஷாஃபிஈ மத்ஹபில், 2 வயதுக்குட்பட்ட, பால் மட்டும் அருந்தும் ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடம் முழுதும் தண்ணீர் தெளித்தால் போதும். பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இருவருக்கும் கழுவ வேண்டும். சோறு உண்ணத் தொடங்கிவிட்டால் இரு மத்ஹபிலும் கழுவுவதே சட்டம். ஆனால் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். குளிக்க வேண்டியதில்லை, ஒளுவும் முறியாது. தொழுகைக்கென ஒரு சேலையைத் தனியே மடித்து வைத்துக்கொண்டால் சாக்குச் சொல்ல இடமேது?

இனிப் பழக்கும் முறை. ஒன்றரை வயது முதல் 3 வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பக்குவம் வரும். இரண்டு மணி நேரம் துணி நனையாதிருப்பதும், வருவதை முகத்தால் காட்டுவதும் அதன் அடையாளங்கள். தூங்கி எழுந்ததும், உணவுக்குப் பின்னும் உட்கார வையுங்கள். பாட்டிமார்கள் காலை நீட்டிப் பாதங்களின்மேல் உட்கார வைத்தது நல்ல முறையே. இடக்கையால் கழுவவும், பின் சோப்பிட்டுக் கை கழுவவும் சிறிது சிறிதாகக் கற்றுக் கொடுங்கள். இரவில் நனைப்பது நிற்க மேலும் சில ஆண்டுகள் ஆகலாம், அது குறும்பல்ல.

பாதியில் அதட்டாதீர்கள். பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு நாட்டுப்புறத்தார் சிறுநீர் கழித்தபோது, தோழர்கள் பாய்ந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ தடுக்காமல் விடச் சொல்லி, பின் ஒரு வாளித் தண்ணீரை அங்கே ஊற்றச் செய்தார்கள். வளர்ந்த மனிதருக்கே அந்தக் கருணை என்றால், பாவம் எழுதப்படாத மழலைக்கு எவ்வளவு வேண்டும்!

இன்னொன்று. வீட்டில் கழிப்பறை இருந்தும் பிள்ளையை வாசல் சாக்கடையிலும் ஏரிக்கரையிலும் உட்கார வைக்கிறோம். குழந்தையின் மலத்திலும் வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிருமிகள் உண்டு. அதைக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். நீர்த்துறையையும் பாதையையும் நிழலையும் அசுத்தப்படுத்துவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏரியைப் பேணத் தனி வாரியம் இருந்ததை கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பொறித்த ஊரல்லவா நம்முடையது!

7 வயதில் தொழச் சொல்லும்படி பணிக்கப்பட்டுள்ளோம். அந்தத் தொழுகைக்குரிய சுத்தத்தின் முதல் பாடம் தாயின் பாதங்களின்மேல் தொடங்குகிறது. அதைப் பொறுமையோடு நடத்த அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.